பேஸ் டேப்: எண்கள் எல்லாம் சரி, பாட்டு எங்கே?

பேஸ் கிட்டார் கற்கத் தொடங்குகிற பலர் முதல் வாரத்திலேயே டேபுலேச்சர் பக்கம், அதாவது டேப் பக்கம் வந்துவிடுகிறார்கள். வருவதில் தப்பே இல்லை. நான்கு கோடு, அதன் மேல் சில எண்கள், அவ்வளவுதான். பிடித்த ராக் பாட்டின் முதல் வரி அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். மேற்கத்திய இசைக்குறிப்பைப் படித்து அதே இடத்துக்கு வர வேண்டுமென்றால் மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் பாதிப் பேருக்கு ஆசையே விட்டுப்போகும். ஆனால் கொஞ்ச நாளில் ஒரு குழப்பம் வந்தே தீரும்: எண்களைச் சரியாகத்தானே வாசிக்கிறேன், ஒரு ஃப்ரெட்கூட (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள் பிரிக்கிற கட்டம்) மாறவில்லை, அப்புறம் ஏன் இது அந்தப் பாட்டு மாதிரி கேட்க மாட்டேன் என்கிறது?

எனக்கும் அந்தக் குழப்பம் வந்தது. ஒரு பாட்டை மூன்று வாரம் டேபை வைத்துப் பழகிவிட்டு, டிரம்ஸ் வாசிக்கிற நண்பரோடு உட்கார்ந்தேன். இரண்டாவது சுற்றிலேயே அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். "நோட் எல்லாம் சரியா இருக்கு. ஆனா ஒவ்வொரு நோட்டும் எங்க முடியணும்னு நீ யோசிக்கவே இல்ல" என்றார். அவர் சொன்னது முழுதாகப் புரிய எனக்குப் பல மாதங்கள் ஆயின. டேப் இடத்தைச் சொல்கிறது, நேரத்தைச் சொல்வதில்லை. பேஸ் வாசிப்பவருடைய வேலையில் பெரும்பகுதி நேரம் சார்ந்தது. எந்தப் பாதி டேபில் இல்லையோ அந்தப் பாதிதான் பேஸுக்கு உயிர், அதை எப்படி மீட்டுக்கொள்வது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

அடிப்படையை வேகமாக முடித்துவிடலாம். சாதாரண பேஸில் நான்கு கம்பிகள். தடித்ததிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி. ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் ஐந்து ஃப்ரெட் வித்தியாசம், அதனால் ஈ கம்பியின் 5-வது ஃப்ரெட்டில் வருகிற நோட்டும் ஏ கம்பியை எதையும் அழுத்தாமல் மீட்டினால் வருகிற நோட்டும் ஒன்றே. டேபில் இருக்கிற நான்கு கோடுகள் இந்த நான்கு கம்பிகள். கோட்டின் மேல் இருக்கும் எண், எத்தனையாவது ஃப்ரெட்டில் அழுத்த வேண்டும் என்பது. 0 என்றால் திறந்த கம்பி. முதலில் எல்லோரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு: பேஸை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தால் தடித்த ஈ கம்பி மேலே, முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும், டேபிலோ அது கடைசிக் கோடு. பேஸை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துப் பாருங்கள். ஈ கம்பி வயிற்றுப் பக்கம் வந்துவிடும், ஜி தள்ளிப்போய்விடும், டேப் எந்தக் கோணத்திலிருந்து வரையப்பட்டிருக்கிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

இப்போது ஒரு சின்ன டேப். எந்தப் பாட்டிலிருந்தும் எடுத்ததில்லை, விளக்கத்துக்காக நானே எழுதியது.

ஜி |-----------------|
டி |-----------------|
ஏ |-----------------|
ஈ |-5-5-5-5-5-5-3-4-|

நான்கு பீட் கொண்ட ஒரு சுற்று, பார் என்பார்கள். பீட்டுக்கு இரண்டு நோட், மொத்தம் எட்டு. ஆறு முறை ஏ, பிறகு ஜி, ஜி ஷார்ப், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தால் மறுபடி ஏ. மூன்று, நான்கு, ஐந்து என்று படியேறி வீட்டுக்குள் வருகிற மாதிரியான சின்ன அசைவு. ராக் பாட்டுகளில் இந்த வகை அசைவு ஏராளம்.

பீட்டுக்கு இரண்டு என்று நான் வாயால் சொன்னதால்தான் உங்களுக்கு அது தெரிந்தது. கோட்டில் அது எங்கேயும் எழுதப்படவில்லை. எண்களுக்கு நடுவே இருக்கிற சிறுகோடுகளின் இடைவெளியை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான், அதுவும் எழுதினவர் கவனமாக இடைவெளி விட்டிருந்தால். சரி, பீட்டுக்கு இரண்டு என்றே வைத்துக்கொண்டு மூன்று விதமாக வாசித்துப் பாருங்கள். முதல் தடவை, ஒவ்வொரு நோட்டும் அடுத்த நோட்டு வரும்வரை முழுதாக ஒலிக்கட்டும், நடுவில் இடைவெளியே வேண்டாம். பரந்து விரிந்து, சாலையில் வண்டி சீராகப் போகிற மாதிரி இருக்கும். இரண்டாவது தடவை, ஒவ்வொரு நோட்டையும் பாதியிலேயே அடக்குங்கள்: இடதுகை விரலைக் கம்பியிலிருந்து எடுத்துவிடாமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் சத்தம் செத்துவிடும். அதே எட்டு எண்கள், ஆனால் இப்போது துள்ளல் வந்துவிட்டது, டிரம்ஸுக்கு மூச்சு விட இடம் கிடைத்துவிட்டது. மூன்றாவது தடவை, ஆறாவது நோட்டை மட்டும் வாசிக்காமல் விடுங்கள். அந்தக் காலி இடத்துக்குப் பிறகு வருகிற 3, 4 என்கிற இரண்டும் திடீரென்று முக்கியமாகிவிடும், காது அவற்றுக்காகக் காத்திருந்தது போல. மூன்றும் வேறு வேறு பாட்டு. முதல் இரண்டுக்கும் டேப் ஒரு எழுத்து மாறாமல் ஒன்றே.

பேஸில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், தடித்த கம்பி ஒரு தடவை மீட்டினால் பல விநாடிகள் ஒலித்துக்கொண்டே இருக்கும். கீழ்நோட்டு தேவைக்கு மேல் நீடித்தால் அடுத்த நோட்டோடு கலந்து சேறாகிவிடும், கிக் டிரம்மின் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) அடியையும் மூடிவிடும். அதனால் நோட்டை ஆரம்பிப்பதற்கு எவ்வளவு கவனம் தேவையோ அவ்வளவு கவனம் அதை முடிப்பதற்கும் தேவை. குயீனின் 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்' (1980) இதற்கு நல்ல உதாரணம். அதை எழுதியவர் அந்தக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன். அந்த பேஸ் வரியின் எண்களை ஒரு மாலையில் யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். நோட்டுகளுக்கு நடுவே இருக்கிற மௌனத்தைச் சரியான நீளத்தில் வைப்பதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகும்.

டேபில் நேரம் ஏன் இல்லாமல் போனது என்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. டேப் இணையத்தோடு பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது 500 வருடத்துக்கும் மேல் பழசு. 1507-ல் வெனிஸில் ஒத்தாவியானோ பெத்ரூச்சி என்ற அச்சகக்காரர், ஃபிரான்செஸ்கோ ஸ்பினாசினோவின் லூட் (கிட்டார் மாதிரியான பழைய கம்பி வாத்தியம்) இசையை டேபுலேச்சராகவே அச்சிட்டு வெளியிட்டார். இத்தாலியர்கள் எண்களை எழுதினார்கள், பிரெஞ்சுக்காரர்கள் எழுத்துகளை எழுதினார்கள். இத்தாலிய முறையில் தடித்த கம்பி மேல்கோடாகவே இருந்தது, நாம் குனிந்து பார்க்கிற மாதிரியே. முக்கியமான விஷயம் என்னவென்றால், அந்தப் பழைய டேபுகளில் கோடுகளுக்கு மேலே சின்னக் கொடிகள் போல தாளக் குறிகள் இருந்தன. எந்த நோட்டு எப்போது, அடுத்தது எவ்வளவு நேரம் கழித்து என்பது அதில் தெரியும். அதாவது டேப் என்பது பிறவியிலேயே குறையுள்ள எழுத்துமுறை கிடையாது.

1990-களில் அதைத் தட்டச்சுக்குக் கொண்டுவந்தபோதுதான் கொடிகள் உதிர்ந்துபோயின. சிறுகோடு, செங்குத்துக்கோடு, எண்கள், சில எழுத்துகள், இவற்றை மட்டும் வைத்து எந்தக் கணினியிலும் எழுதலாம், யாருக்கும் அனுப்பலாம் என்பது பெரிய வசதி. 1992-ல் தொடங்கிய ஆன்லைன் கிட்டார் ஆர்க்கைவ், ஓல்கா என்று சுருக்கமாகச் சொல்வார்கள், இப்படிப்பட்ட டேபுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்தது. பின்னாளில் இசைப் பதிப்பாளர்கள் காப்புரிமைப் பிரச்சினையைக் கிளப்பி, 2006-ல் அது மூடப்பட்டது. ஆனால் அந்த எழுத்துமுறை நிலைத்துவிட்டது. அதை எழுதியவர்கள் எல்லோரும் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் எழுதினார்கள்: படிப்பவருக்குப் பாட்டு தெரியும், தாளம் அவர் காதில் ஏற்கெனவே இருக்கிறது, விரலை எங்கே வைப்பது என்று மட்டும் சொன்னால் போதும். அந்த எண்ணம் நியாயமானதுதான். கிட்டார் ப்ரோ மாதிரியான மென்பொருள்கள் (அதன் முதல் பதிப்பு 1997-ல் வந்தது) தாளக் குறிகளை மீண்டும் கொண்டுவந்தன, எண்களுக்குக் கீழே தண்டும் கொடியும் போட்டு, ஓட்டிக் கேட்கவும் வழி செய்தன. கிடைத்தால் அப்படிப்பட்ட டேபையே எடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். ஆனாலும் நோட்டை எங்கே அடக்க வேண்டும் என்கிற நுணுக்கம் அதிலும் பல சமயம் இருக்காது, எழுதியவர் அதைக் கவனித்துக் கேட்டிருந்தால்தான் இருக்கும்.

அதனால் நேரத்தைப் பாட்டிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். எப்படி எடுப்பது? முதலில் கையில் பேஸ் இல்லாமல் கேளுங்கள். நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், இது ரொம்ப முக்கியம். பேஸின் திறந்த ஈ கம்பி விநாடிக்குச் சுமார் 41 அதிர்வு, போனில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரால் அந்த ஆழத்துக்கு இறங்கவே முடியாது. அதில் கேட்கும்போது உங்களுக்குக் கிடைப்பது மேல் அதிர்வுகள் மட்டும்தான், நோட்டு எங்கே முடிகிறது என்பது காணாமலே போய்விடும். டிரம்ஸில் கிக்கையும், குச்சியால் அடிக்கிற கூர்மையான ஸ்னேரையும் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். பேஸ் கிக்கோடு சேர்ந்து விழுகிறதா, ஸ்னேர் விழும்போது பேஸ் ஒலிக்கிறதா அல்லது வழிவிட்டு நிற்கிறதா? இந்த இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி நேரக்கணக்கு முடிந்தது. பிறகு பேஸ் வரியை வாயால் பாடுங்கள். சுதி சேராவிட்டாலும் பரவாயில்லை, தாளம் சேர வேண்டும். வாயில் வராத வரி விரலில் வராது, வந்தாலும் நிற்காது.

எண்ணுவதற்கு ஆங்கிலத்தில் "ஒன் அண்ட் டூ அண்ட்" என்று ஒரு முறை இருக்கிறது. நமக்கு அதைவிடக் கூர்மையான கருவி வாயிலேயே இருக்கிறது. பீட்டுக்கு நான்கு என்றால் தகதிமி. பீட்டுக்கு இரண்டு என்றால் தக. அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் புகழ்பெறச் செய்த குதிரைப் பாய்ச்சல் தாளம், ஒரு நீளம் இரண்டு குட்டை, அது அப்படியே "தாகிட தாகிட", 'தா'வுக்குப் பாதிப் பீட், 'கி', 'ட' இரண்டுக்கும் சேர்த்து மீதிப் பாதி. டேபில் அது வெறும் 0-0-0 0-0-0 என்றுதான் இருக்கும், மூன்றையும் சம நீளத்தில் வாசித்தால் வேறு தாளமாகிவிடும். பிங்க் ஃபிளாய்டின் 'மணி' (1973) பாட்டின் பேஸ் வரி ஏழு பீட்டில் ஓடுகிறது, தகிட தகதிமி என்று பீட்டுக்கு ஓர் அசை வைத்து எண்ணிக்கொண்டு அதைக் கேட்டுப் பாருங்கள். அதில் ஒரு சுற்றுக்கு எட்டு நோட்டு. ஏழு பீட், எட்டு நோட்டு, அப்படியென்றால் எங்கேயோ ஒரு பீட்டுக்குள் இரண்டு நோட்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பீட் என்று வெறும் எழுத்து டேப் சொல்லாது. கேட்டால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். அதே பாட்டில் கிட்டார் சோலோ வரும்போது தாளம் நான்கு பீட்டுக்கு மாறிவிடுகிறது, ஏழாக எண்ணிக்கொண்டே போனால் அங்கே காலிடறி விழ வேண்டியதுதான்.

கிடைத்த தாளத்தை டேபிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். டேபை அச்செடுத்தோ கையால் காகிதத்தில் எழுதியோ, ஈ கோட்டுக்குக் கீழே 1, 2, 3, 4 என்று பீட்டைப் போடுங்கள். முழுதாக ஒலிக்க வேண்டிய நோட்டுக்கு அடியில் ஒரு நீளக்கோடு, அடக்க வேண்டியதற்கு ஒரு புள்ளி. வெனிஸில் கொடி வரைந்தவர்கள் செய்த வேலையைத்தான் நாம் திரும்பச் செய்கிறோம். ஒரு பாட்டுக்கு இதைச் செய்ய ஒரு மணி நேரம் பிடிக்கும், அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வது பத்து மணி நேரம் எண்களை விரட்டினாலும் வராது.

அடுத்து, டேபின் உச்சியில் எழுதியிருக்கிற சுருதி, அதாவது கம்பிகளை எந்த நோட்டுக்குச் சேர்க்க வேண்டும் என்பது. அதைப் பலர் பார்ப்பதே இல்லை. நானும் ஒரு முறை அரை மணி நேரம் ஒரு பாட்டோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் மேலே "அரை ஸ்வரம் கீழே", அதாவது ஒரு ஃப்ரெட் அளவு கீழே, என்று எழுதியிருந்ததைக் கவனித்தேன். ராக் குழுக்கள் கம்பியைத் தளர்த்தி வாசிப்பது மிகச் சாதாரணம். பிளாக் சபாத் 1971-ல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சில பாடல்களுக்கு மூன்று அரை ஸ்வரம் வரைக்கும் இறக்கினார்கள். அவர்களின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல்களின் நுனியை இழந்தவர், தளர்ந்த கம்பி அவருக்கு அழுத்தச் சுலபமாக இருந்தது, கூடவே அந்தக் கனத்த ஒலியும் பிறந்தது. பேஸும் கூடவே இறங்கித்தான் ஆக வேண்டும். கம்பியை இறக்காமல் ஒரு ஃப்ரெட் தள்ளி வாசித்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். அழுத்தி வாசிக்கிற நோட்டுகளுக்குச் சரி, ஆனால் 0 என்று இருக்கிற இடத்துக்கு ஒரு ஃப்ரெட் கீழே போக இடம் கிடையாது. சில பழைய பதிவுகள் எந்தச் சுருதியிலும் சேராமல் நடுவில் தொங்கும், ஒலிப்பதிவு நாடாவின் வேகம் கொஞ்சம் மாறியதால் வந்தது அது. அப்படிப்பட்ட பாட்டுக்கு ட்யூனரை மறந்துவிட்டுக் காதால் பாட்டோடு சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இடம் பற்றியும் டேப் சொல்வது முழு உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே நோட்டு பேஸில் பல இடங்களில் கிடைக்கும். திறந்த டி கம்பி, ஏ கம்பியில் 5, ஈ கம்பியில் 10, மூன்றும் ஒரே நோட்டு. ஒலியோ வேறு வேறு. தடித்த கம்பியில் மேலே போய் வாசித்தால் மங்கலாக, உருண்டையாக இருக்கும். மெல்லிய கம்பியில் கீழே வாசித்தால் தெளிவாக, கொஞ்சம் கூர்மையாக இருக்கும். திறந்த கம்பிக்கு ஒரு மணியோசை இருக்கும், ஆனால் அதை அடக்குவது கடினம். டேப் எழுதியவர் தன் கைக்கு வசதியான இடத்தை எழுதியிருக்கலாம், பதிவில் வாசித்தவர் வேறெங்கோ வாசித்திருக்கலாம். அந்தக் கலைஞர் மேடையில் வாசிக்கிற வீடியோ கிடைத்தால் இடதுகையை மட்டும் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். கிடைக்கவில்லையா, இரண்டு இடத்திலும் வாசித்துப் பார்த்து எது பாட்டோடு கரைந்து போகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கையின் அளவையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். வழக்கமான பேஸில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரைக்கும் சுமார் 13 சென்டிமீட்டர், அதில் விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று நான்கு விரலையும் விரித்து வைப்பது பலருக்கு வலியில்தான் முடியும். தலைப்பக்கத்தில் ஆட்காட்டி, நடு, சுண்டு என்று மூன்று விரலால் மூன்று ஃப்ரெட்டை மூடிக்கொண்டு, மோதிர விரலைச் சுண்டுவிரலுக்குத் துணையாக வைத்து, தேவைப்பட்டால் கையை நகர்த்துவது நல்ல முறை. டபுள் பேஸ்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். மேலே 12-வது ஃப்ரெட் பக்கம் இடைவெளி இரண்டரை சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, அங்கே விரலுக்கு ஒரு ஃப்ரெட் தாராளமாக வரும். எந்த விரல் என்று டேப் சொல்லாது என்பதால் இதை நீங்களே முடிவு செய்ய வேண்டும், ஒரு தடவை முடிவு செய்துவிட்டால் அந்தப் பாட்டுக்கு மாற்றாதீர்கள்.

டபுள் பேஸ் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதில் ஃப்ரெட்டே கிடையாது, காதை நம்பித்தான் விரல் வைக்க வேண்டும். 1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த மின்சார பேஸுக்கு ப்ரெசிஷன் என்று பெயர் வைத்ததே, ஃப்ரெட் இருப்பதால் நோட்டு துல்லியமாக விழும் என்பதற்காகத்தான். எண்களால் பேஸ் வரியை எழுதுவது சாத்தியமாக இருப்பதும் அந்த ஃப்ரெட்டினால்தான். நமக்குக் கிடைத்த வசதி அது, அதோடு காதுக்கு ஓய்வு கொடுத்துவிடக் கூடாது.

வலதுகையைப் பற்றி டேப் அநேகமாக வாயே திறக்காது. அதில் வருகிற குறிகள் சிலதான்: ஹெச் என்றால் அடுத்த நோட்டை இடதுகை விரலால் தட்டி எழுப்புவது, பி என்றால் விரலை இழுத்துவிடுவது, சாய்கோடு என்றால் வழுக்கிப் போவது, எக்ஸ் என்றால் கம்பியைத் தொட்டபடி மீட்டி வெறும் 'டக்' என்ற சத்தம் எழுப்புவது. இந்தக் குறிகளைப் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். எக்ஸை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள், பாட்டின் ஓட்டம் பல சமயம் அந்தச் செத்த நோட்டுகளில்தான் இருக்கிறது. விரலா பிக்கா (கம்பியை மீட்டுகிற சின்னத் தகடு) என்பது காதில் தெரியும்: பிக்கில் ஒவ்வொரு நோட்டின் தொடக்கத்திலும் ஒரு 'கிளிக்' இருக்கும். விரல் என்றால் ஆட்காட்டியும் நடுவிரலும் மாறி மாறி, இதைச் சலிக்காமல் பழக வேண்டும். வாசிக்காத கம்பிகளை அமைதியாக வைத்திருப்பதும் வலதுகையின் பொறுப்பு. மெல்லிய கம்பியில் வாசிக்கப் போகும்போது கட்டைவிரலைத் தடித்த கம்பிகளின் மேல் படுக்கவைத்துவிட்டால் அவை முனகாமல் இருக்கும். தனியாக வாசிக்கும்போது இந்த முனகல் தெரியாது. ஆம்பில் சத்தம் கூட்டினால் அறை முழுக்க அதுதான் கேட்கும்.

இனி, டேப் தப்பாக இருக்கிற விஷயம். பெரும்பாலான இலவச டேபுகள் யாரோ ஒருவர் காதால் கேட்டு எழுதியவை, அன்பினால் செய்த வேலை, அதற்கு நன்றியோடுதான் இருக்க வேண்டும். ஆனால் சில வகைத் தப்புகள் திரும்பத் திரும்ப வரும். கிட்டாரின் கார்டைப் (சேர்ந்து ஒலிக்கிற நோட்டுகள்) பார்த்து அதன் ரூட் நோட்டையே, அதாவது அடிப்படை நோட்டையே, பேஸ் வாசிக்கிறது என்று எழுதியிருப்பார்கள், பதிவில் பேஸ் வேறு நோட்டில் நின்று அந்தக் கார்டின் நிறத்தையே மாற்றிக்கொண்டிருக்கும். முதல் சரணத்தை எழுதிவிட்டு "இப்படியே நான்கு தடவை" என்று போட்டிருப்பார்கள், ஆனால் நான்காவது தடவை ஒரு சின்ன ஃபில், அதாவது இடத்தை நிரப்புகிற அலங்கார வரி, வரும், அது இல்லாமல் பல்லவிக்குள் நுழைந்தால் கதவைத் தட்டாமல் உள்ளே வந்த மாதிரி இருக்கும். ஆக்டேவ், அதாவது ஸ்தாயி, மாறியிருக்கும். 2-வது ஃப்ரெட்டிலிருந்து 12-க்கும் பிறகு 3-க்கும் தாவச் சொன்னால் சந்தேகப்படுங்கள், நல்ல பேஸ் கலைஞர் காரணமில்லாமல் அப்படித் தாவ மாட்டார்.

இன்னொரு வகை இருக்கிறது, பேஸே இல்லாத பேஸ் வரி. தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் 'செவன் நேஷன் ஆர்மி' (2003) தொடக்கத்தில் கேட்கும் அந்தப் பிரபலமான வரியை பேஸ் என்றுதான் உலகம் நினைக்கிறது. அந்த இருவர் குழுவில் பேஸ் கலைஞரே கிடையாது. ஜாக் ஒயிட் கிட்டாரை ஒரு பெடல் வழியாக ஓர் ஆக்டேவ் கீழே இறக்கி வாசித்தது அது. பேஸில் அருமையாக வரும், கற்கத் தொடங்குபவர்களுக்கு நல்ல பாட்டும்கூட. ஆனால் பதிவில் இருக்கிற அதே ஒலி ஏன் வரவில்லை என்று உங்கள் விரலைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

பழகுகிற முறையைப் பொறுத்தவரை என் கருத்து ஒன்று உறுதியானது: பாட்டின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை திரும்பத் திரும்ப ஓட்டுவது நேர விரயம். பெரும்பாலான ராக் பாட்டுகளில் இரண்டு, மூன்று, மிஞ்சினால் நான்கு அமைப்புகள்தான் இருக்கும். யூ2-வின் 'வித் ஆர் வித்அவுட் யூ' (1987) பாட்டில் டி, ஏ, பி, ஜி என்ற நான்கு நோட்டுகள்தான் பாட்டு முழுக்கச் சுற்றி வருகின்றன, ஆடம் கிளேட்டன் அதைப் பீட்டுக்கு இரண்டாகச் சீராக ஓட்டிக்கொண்டே போகிறார். ஏ கம்பியில் 5, ஈ கம்பியில் 5, 7, 3, இப்படி வைத்துக்கொண்டால் கை அதிகம் நகர வேண்டாம். ஐந்து நிமிடத்தில் மனப்பாடம். அதற்குப் பிறகு அந்தச் சீரை ஐந்து நிமிடம் குலையாமல், அவசரப்படாமல், ஒவ்வொரு நோட்டும் ஒரே அழுத்தத்தில் விழும்படி காப்பாற்றிப் பாருங்கள். எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரியும். எளிய பாட்டு என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

ஆக, முதலில் அமைப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து, எது எத்தனை பார் என்று ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றையும் பாதி வேகத்தில் பழகுங்கள். வீடியோ பிளேயர்களில் சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கிற வசதி இருக்கிறது. ஐந்து தடவை தொடர்ந்து தப்பில்லாமல் வந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். அமைப்புகள் கைக்கு வந்தபிறகு நேரம் முழுவதையும் இணைப்புகளில் போடுங்கள், சரணத்தின் கடைசி பாரும் பல்லவியின் முதல் பாரும், அந்த இரண்டை மட்டும் இருபது தடவை. விழுகிறவர்கள் எல்லோரும் அந்தத் தையலில்தான் விழுகிறார்கள், காரணம் அதை மட்டும் தனியாக யாரும் பழகுவதில்லை. மெட்ரோனோமை நான்கு பீட்டிலும் தட்ட விடாமல் இரண்டாவது, நான்காவது பீட்டில் மட்டும், அதாவது ஸ்னேர் விழுகிற இடத்தில் மட்டும் தட்ட வையுங்கள். முதல் நாள் எரிச்சலாக இருக்கும். ஒரு வாரத்தில் தாளம் கருவியிலிருந்து உங்களுக்குள் இடம்பெயர்ந்துவிடும். நடுநடுவே உங்கள் வாசிப்பைப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள், வாசிக்கும்போது கேட்காத நீளங்கள் எல்லாம் அதில் கேட்கும்.

பாட்டு ஓரளவு நின்றதும் டேபை மூடிவிடுங்கள். கண் எண்ணில் இருக்கும்வரை காது வேலை செய்யாது. மறந்த இடத்தில் டேபைத் திறப்பதற்கு முன்னால் அந்த நோட்டை வாயால் பாடிப் பார்த்து, பிறகு கம்பியில் தேடுங்கள், பத்தில் ஏழு தடவை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். தேடும்போது இரண்டு வடிவங்கள் உதவும்: எந்த நோட்டிலிருந்தும் அடுத்த மெல்லிய கம்பியில் இரண்டு ஃப்ரெட் மேலே அதன் ஐந்தாம் ஸ்வரம், அதற்கும் அடுத்த கம்பியில், அந்த ஐந்தாம் ஸ்வரம் இருக்கிற அதே ஃப்ரெட்டில் ஆக்டேவ். ராக் பேஸ் வரிகளில் கணிசமான பங்கு இந்த மூன்று இடத்துக்குள்ளேயே சுற்றுகிறது.

நாலைந்து பாட்டு இப்படி முடித்தபிறகு, டேப் எங்கேயும் கிடைக்காத ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கஷ்டமானதாக இருக்க வேண்டாம். காகிதத்தில் நான்கு கோடு போட்டு, முதலில் எண்ணை எழுதாமல் கீழே பீட்டுகளையும் நோட்டுகளின் நீளக்கோடுகளையும் மட்டும் எழுதுங்கள், எங்கே தொடங்குகிறது, எங்கே அடங்குகிறது என்று. எட்டு பாருக்கு அது முடிந்ததும் மேலே எண்களை நிரப்புங்கள். பென்சிலால் எழுதுவது நல்லது, ஏ கம்பியில் 5 என்று எழுதியதை அழித்துவிட்டு ஈ கம்பியில் 10 என்று மாற்றுகிற வேலை நிறைய வரும்.